திருகு முறுக்கு உழக்கு: பாட்டியும் பேத்தியும் சேர்ந்து பிழிய ஏற்றதா?

முறுக்கு பிழியும் கருவியைச் சில ஊரில் உழக்கு என்பார்கள், சில ஊரில் நாழி, யாழ்ப்பாணத்தில் உரல். (உழக்கும் நாழியும் பழைய முகத்தல் அளவுகள், நாலு உழக்கு ஒரு நாழி.) கடையில் பெரும்பாலும் இரண்டு ரகம் கிடைக்கும். ஒன்று இரண்டு கையாலும் அழுத்துவது, இன்னொன்று தலைப்பக்கக் கைப்பிடியைத் திருகுவது. இங்கே பார்ப்பது எவர்சில்வர் திருகு உழக்கு. மணிக்கட்டு வலியால் முறுக்குச் சுடுவதையே விட்டுவிட்ட பாட்டியும், மாவைத் தொட்டுப் பார்க்காத பத்து வயதுப் பேத்தியும் உள்ள வீட்டுக்கு எது சரி என்பதுதான் கேள்வி.

அழுத்தும் ரகத்தில் பலம் முழுக்கத் தோளிலிருந்து வரவேண்டும். மாவு கொஞ்சம் இறுகினாலும் பெரியவர்களுக்குக் கை கடுக்கும், பிள்ளைக்கு மாவு அசையவே அசையாது. "எனக்கு வராது" என்று பிள்ளைகள் எழுந்து போவது இந்த இடத்தில்தான். திருகு ரகத்தில் அந்த வேலையை மரை பார்த்துக்கொள்கிறது. மெதுவாகத்தான் வரும், ஆனால் நிச்சயம் வரும்.

இதில் ஒரு பெரிய குறை உண்டு. குழலைப் பிடிக்க ஒரு கை, திருக ஒரு கை. வட்டமாகச் சுற்ற மூன்றாவது கைக்கு எங்கே போவது? தனியாளாகப் பிழிந்தால் முறுக்கு கோணும். ஆனால் இரண்டு பேர் இருந்தால் இந்தக் குறையே வசதியாகிவிடும். பாட்டி உழக்கை அசையாமல் பிடித்துத் திருக, பேத்தி எண்ணெய் தடவிய சின்னத் தட்டைக் கீழே மெல்லச் சுற்றட்டும். இழை தானே வட்டமாக விழும். இரண்டு சுற்றோடு நிறுத்தி, நுனியைப் பக்கத்து இழையோடு விரலால் அழுத்திவிட வேண்டும். நாலு சுற்றுக்கு ஆசைப்பட்டால் எடுக்கும்போதே உடையும், பிள்ளையின் முகமும் வாடும். இரண்டு சுற்று முறுக்கு எண்ணெயில் முழுசாகக் கிடப்பதைத் தள்ளி நின்று பார்த்தபிறகு, "நான் திருகுகிறேன்" என்று அதுவே கேட்கும். அப்போது இடம் மாற்றிக்கொள்ளலாம். அடுப்புப் பக்கம் மட்டும் பெரியவர்கள் வேலை.

மாவு சரியாக இருந்தால்தான் இத்தனையும். அரிசி மாவு நாலு கப், வறுத்து அரைத்துச் சலித்த உளுந்து மாவு ஒரு கப், வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு, சீரகம். பிழியும்போது இழை அறுந்தால் தண்ணீர் பற்றவில்லை, கொஞ்சம் தெளித்துப் பிசைய வேண்டும். எண்ணெயில் போட்டதும் கரைந்து உதிர்ந்தால் வெண்ணெய் கூடிவிட்டது, ஒரு பிடி அரிசி மாவு சேர்க்கலாம். கடிக்கவே முடியாமல் கடுக்கென்று இருந்தால் வெண்ணெய் குறைவு. மொத்த மாவையும் ஒரேயடியாகப் பிசைந்து வைத்தால் கடைசி ஈடு சிவந்துபோகும், எண்ணெயும் குடிக்கும்.

தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் பாட்டிகள் "கைக்குத் தெரியும்" என்பார்கள். தெரியும்தான், சொல்லத்தான் வராது. பேத்தி அரை லிட்டர் தண்ணீரை அளந்து வைத்து, பாட்டி தெளித்துத் தெளித்துப் பிசைந்து முடித்ததும் மீதியை அளந்தால் போதும், கைக்கணக்கு நோட்டில் ஏறிவிடும். அடுத்த முறை அதே அளவில் மாவு பதமாக வந்தால் அதில் பாட்டிக்கும் ஒரு பெருமை.

வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் இடம் உள்ளே மாவைத் தள்ளும் வட்டத் தகடு. குழலுக்கும் அதற்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி இருந்தால் மாவு மேலே ஏறி மரையில் அடைத்துக்கொள்ளும். குழலில் முக்கால் பங்குக்கு மேல் மாவு அடைத்தாலும் இதே தொல்லை. அச்சுத் தட்டின் கண்களை விரலால் தடவிப் பாருங்கள். பிசிர் இருந்தால் இழை கிழிந்து வரும். கைப்பிடி கடைசிவரை தடையில்லாமல் இறங்க வேண்டும். அலுமினிய உழக்கு விலை குறைவு, ஆனால் மரை சீக்கிரம் தேயும். பித்தளை பார்க்க அழகு; கனம் என்பதோடு, மாவோடு ராத்திரி விட்டுவிட்டால் களிம்பேறும். எவர்சில்வர் எண்ணெய்க் கையில் வழுக்கும், குழலில் ஒரு பருத்தித் துணியைச் சுற்றிப் பிடித்தால் சரியாகிவிடும்.

கழுவியதும் தட்டைத் தனியே கழற்றி, கண்களில் காய்ந்த மாவைப் பல்குச்சியால் தள்ளிவிட்டு, ஈரம் போகத் துடைக்க வேண்டும். மரைக்குச் சமையல் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

முதல் நாளைக்கு மூன்று கண் தேன்குழல் தட்டுதான் சரி. ஓமப்பொடித் தட்டு கைக்கு ரொம்பக் கடினம், ஓமத்தையும் அரைத்து வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும். அதைப் பிள்ளையிடம் கடைசியாகக் கொடுக்கலாம்.