பென்டிரைவும் கொசுவும்: இரண்டு வைரஸ்கள், ஒரு தெரு

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஒரு சான்றிதழை அச்செடுத்து வந்த நாளில், பென்டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் அனைத்தும் ஷார்ட்கட்டுகளாக மாறியிருந்தன. அதே வாரத்தில் எதிர்வீட்டுச் சிறுவன் டெங்குக் காய்ச்சலால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். தெருவில் இரண்டுக்கும் பெயர் வைரஸ்தான். எழுத்துத் தமிழோ ஒன்றை நச்சுநிரல் என்றும் மற்றதைத் தீநுண்மி என்றும் பிரிக்கிறது. பரவும் விதத்தில் தெருவின் பேச்சும், பிறந்த காரணத்தில் அகராதியின் பிரிவும் சரி என்பது என் கருத்து.

இரண்டுக்குமே தம்மைத் தாமே நகலெடுக்கும் கருவி கிடையாது. டெங்குத் தீநுண்மியின் மரபுச்சரம் ஏறக்குறைய 10,700 எழுத்துகள்தான். அதைப் படித்துப் புரதம் செய்யும் வேலையை நம் செல்லே செய்து கொடுக்கிறது. ஷார்ட்கட் வைரஸும் அப்படித்தான்: உண்மையான ஃபோல்டரை மறைத்து, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கிறது, நாம் சொடுக்கியதும் முதலில் தான் இயங்கிவிட்டு, பிறகு நாம் கேட்ட ஃபோல்டரையும் திறந்து காட்டுவதால் நமக்குச் சந்தேகமே எழுவதில்லை.

பென்டிரைவுக்குச் சரியான இணை டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுதான். லாரித் தண்ணீரைப் பிடித்து மாடிப்படியோரம் வைத்திருக்கும் டிரம்மின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, அது இடும் முட்டைகள் நீரின்றியும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஷார்ட்கட்டுகளை மட்டும் அழித்தவர்களுக்கும் இதே அனுபவம்தான், ஏனெனில் மூல நிரல் கடைக் கணினியிலேயே ஒளிந்திருந்து அடுத்த பென்டிரைவுக்காகக் காத்திருக்கும்.

யாரும் சொடுக்காமலே வலைப்பின்னல் வழியாகப் பாய்ந்த 2017 மே மாத வான்னாகிரை (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட நச்சுநிரல்) போன்றவற்றைக் கொசுவோடு ஒப்பிட முடியாது. அவை காற்றில் பரவும் தட்டம்மைக்கு நெருக்கமானவை. வான்னாகிரை நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் தடுப்பூசி போடாதவர்களைப் போல மாட்டிக்கொண்டார்கள்.

காரணத்துக்கு வந்தால் ஒப்புமை உடைந்துவிடுகிறது. 1986இல் லாகூரைச் சேர்ந்த இரு சகோதரர்கள் தங்கள் மென்பொருளைத் திருட்டு நகலெடுப்போரைப் பிடிக்க எழுதிய ‘பிரெயின்’ வைரஸுக்குள் அவர்களுடைய பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும்கூட இருந்தன. அதே 1986இல்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகச் சென்னையில் எடுக்கப்பட்ட இரத்த மாதிரிகளில் கண்டறியப்பட்டது; அதற்குள் எந்த முகவரியும் இல்லை. சிம்பன்சியிடமிருந்து மனிதருக்குத் தாவிய அதை யாரும் எழுதவில்லை, அதற்கு நோக்கமும் இல்லை. தம் நகல்களைப் பெருக்க முடிந்தவை நிலைத்தன, அவ்வளவே. செல்களிலிருந்து தப்பிய மரபுத்துண்டுகளா, தேய்ந்து சிறுத்த நுண்ணுயிர்களா, செல்களுக்கும் முந்தியவையா என்று தீநுண்மிகளின் தோற்றம் பற்றி மூன்று கருத்துகள் உண்டு. அவற்றுள் ஒன்றிலும் கைவிரல் ரேகை தேட முடியாது.

இன்னொரு வேறுபாடு நடைமுறையில் பெரிது. நச்சுநிரலின் அடுத்த வடிவத்தை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். டெங்குவோ நகலெடுக்கும்போது செய்யும் பிழைகளாலேயே மாறிக்கொண்டிருக்கிறது. அதில் நான்கு வகைகள் உண்டு. என் பென்டிரைவை ஃபார்மேட் செய்ய இரண்டு நிமிடம் ஆயிற்று. எதிர்வீட்டுச் சிறுவனும் குணமாகி வீடு திரும்பிவிட்டான். ஆனால் அவனுக்கு நீடித்த எதிர்ப்பாற்றல் கிடைத்திருப்பது ஒரு வகைக்கு மட்டுமே, மற்ற மூன்றில் ஒன்று பிறகு வந்தால் இதைவிடக் கடுமையாகவும் இருக்கக்கூடும் என்பதால், அவன் அம்மா வாரந்தோறும் டிரம்மைத் தேய்த்துக் கழுவுகிறார்.