நோயாளியாக யாரை உட்காரவைப்பது?

மருத்துவ மாணவர் முன்னால் ஒருவரை நோயாளியாக நடிக்கவைத்துப் பயிற்சி தரும் முறையை 1963-இல் நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கினார். அறிவுசார் குறைபாடுள்ளவரிடம் பேசிப் பழகவும் பெரும்பாலும் இதே வழிதான்: குறைபாடு இல்லாத நடிகர் பாவனை செய்வார். பத்து மாணவர் வந்தாலும் பத்து முறையும் ஒரே மாதிரி நடிப்பார். மதிப்பெண் போட வசதி. ஆனால் குரலைக் குழறவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொள்வது பல நேரம் கேலிச்சித்திரமாகிவிடும்.

அந்தக் குறைபாட்டோடு வாழும் நடிகரே எதிரே உட்கார்ந்தால் கதை வேறு. "வலிக்குதா, எப்போ ஆரம்பிச்சுது, சாப்பிட்டதுக்கு அப்புறமா?" என்று மாணவர் ஒரே மூச்சில் கேட்கிறார். பதில் இல்லை. மாணவரின் கண் உடனே துணைக்கு வந்தவர் பக்கம் திரும்புகிறது. காட்சி முடிந்ததும் நடிகர் கேட்கிறார்: "வயிறு என்னுது. அவங்களை ஏன் கேட்டீங்க?" இதையே பாவனை நடிகரும் மனப்பாடமாகச் சொல்லலாம், சுருக்கென்று தைக்காது.

எந்த வலியையும் 'குறைபாட்டால் வந்தது' என்று ஒதுக்கி, நோயைத் தவறவிடும் மருத்துவர்கள் உண்டு. அந்தப் பழக்கம் இங்கேதான் பிடிபடும்.

இரண்டாவது வழிக்கு ஒத்திகையும் இடைவேளையும் கூடுதலாக வேண்டும். முழுச் சம்பளமும்தான் (இதற்குத்தான் பலர் இழுப்பார்கள்). தேர்வு நடத்த முதல் வழி போதும். கற்றுக்கொடுக்க என்றால் நான் இரண்டாவதையே எடுப்பேன்.