வட சென்னை 'சினிமா நடை': 700 ரூபாய்க்கு எங்க ஏரியா

வியாசர்பாடியில பொறந்து வளர்ந்தவளுக்கே வியாசர்பாடியைச் சுத்திக் காட்ட தலைக்கு 700 ரூபாய். சினிமாவுல வந்த எடங்களை வேன்ல கூட்டிட்டுப் போய்க் காட்டுற டூர் இது. கோயம்புத்தூர் நாத்தனார் ஆசைப்பட்டாங்கன்னு டிக்கெட் போட்டேன். நடத்துறவங்க பேரு வேணாம். சின்னப் பசங்க, திருந்துவாங்க.

ஞாயித்துக்கிழமை காலைல ராயபுரம் ஸ்டேஷன்ல வேன் ஏறணும். 1856-ல திறந்த ஸ்டேஷன், அதைப் பத்தி டூர்ல சொன்னது ஒரே ஒரு வரிதான். காசிமேட்டுல இறங்கும்போது கைடு தம்பி, "ஃபோனைப் பைக்குள்ள வச்சுக்குங்க"ன்னாரு. அங்க மீன் விக்கிற அக்காங்க ஃபோனைக் கூடை ஓரத்துலயே வச்சுட்டு, ஜிபேல காசு வந்துச்சான்னு பார்த்துட்டு இருந்தாங்க.

"ரவுடிங்க எந்தப் பக்கம்?"னு வேன்ல ஒருத்தர் கேட்டாரு. கைடு சிரிச்சாரு. எனக்கு வரல. வேலை கேட்டுப் போன எடத்துல, வாடகைக்கு வீடு கேட்ட எடத்துலன்னு இதே கேள்வியை என்கிட்ட வேற வேற மாதிரி கேட்டிருக்காங்க. 'மெட்ராஸ்' (2014) படத்துல கார்த்தி ஐ.டி. கம்பெனிக்குப் போற ஹவுசிங் போர்டு பையன். எங்க தெருவுலயே அப்படி எத்தனையோ பேர். கைடு, அந்தப் படத்துல கட்சிக்காரங்க சண்டை போடுற சுவரைப் பத்தி மட்டும் பேசினாரு. 'வட சென்னை'யில தனுஷ் கேரம் ஆடுறவர். வந்தவங்களுக்கு ஞாபகம் கத்திதான்.

மனசு ஆறாதது இது: கேரம் கிளப்பை வேன் நிக்காமத் தாண்டிச்சு. 2008-ல உலக சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடிப் பொண்ணு. 2024-ல அமெரிக்காவுல மூணு தங்கம் வாங்கின காசிமா புது வண்ணாரப்பேட்டை, ஆட்டோ ஓட்டுறவர் மக. வேனை நிறுத்தச் சொல்லி நாத்தனாரோட இறங்கிட்டேன். போர்டுக்கு மேல தாழத் தொங்குற பல்பு, பவுடர் பூத்த விரலுங்க. ரெட்டை ஜடை போட்ட ஒரு வாண்டு சிவப்புக் காயைக் குழியில தள்ளிட்டு, அது கணக்குல சேர அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காய்க்கு ஸ்ட்ரைக்கரை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்துது. டக்குன்னு போட்டுச்சு. எதிர்ல இருந்த அண்ணன் முகத்துல ஈயாடல.

பாக்ஸிங் பகுதி மட்டும் அருமை. அந்தக் காலத்துல ரோஷமான ஆட்டமெல்லாம் ஆடின ஒரு பெரியவரையே பேச விட்டாங்க. 2021-ல 'சார்பட்டா பரம்பரை' வந்த பிறகுதான் பேரப் பசங்க தன் கதையைக் கேக்கவே உக்காந்தாங்கன்னு சொன்னாரு. நாத்தனார் அவரோட செல்ஃபி எடுத்துக்கிட்டாங்க.

முடிவுல இட்லி வடகறி, டிக்கெட்லயே அடக்கம். வடகறி நல்லா இருந்துது. வேன்ல ஏ.சி. பேருக்குத்தான்.

5க்கு 2.5. கேரம் கிளப்ல அரை மணி நேரம் நிறுத்தினா 4 போடறேன்.