‘எந்த பிராண்டும் சேரும்ணே’ என்றால் நம்பாதீர்கள்: ஹெல்மெட் ஹெட்செட் எச்சரிக்கை

சிங்கப்பூரிலிருந்து மனைவியை பைக்கில் பின்னால் உட்காரவைத்து ஜோகூர் போய்வருகிறவர்கள், ஊபி பக்கக் கடைகளில் ஹெல்மெட்டுக்குள் பேச, கேட்க உதவும் ஹெட்செட் மாட்டப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

என் ஹெல்மெட்டில் மெஷ் வசதி (செட்டுகள் தாமாகவே வலைபோல இணைந்து பேசும் முறை) உள்ள செட் ஏற்கெனவே இருந்தது. மனைவிக்கும் ஒன்று கேட்டேன். அதே செட் ஸ்டாக் இல்லையாம். "வேற பிராண்டு எடுத்துக்குங்கண்ணே, ப்ளூடூத்துன்னா எல்லாம் ஒண்ணுதான், பாட்டு, மேப் எல்லாம் ரெண்டு பேருக்கும் கேட்கும்" என்றார் கடைக்காரர். கடைக்குள் "ஹலோ, ஹலோ" சொன்னால் கேட்கத்தான் செய்தது.

பிகேஇ விரைவுச்சாலையில் ஏறியதும் வண்டவாளம் தெரிந்தது. மனைவியோடு பேச இன்டர்காமைத் திறந்தால் பாட்டு நிற்கிறது, மேப் குரல் காணாமல் போகிறது. அலுவலக போன் தொடர்பும் அறுந்துவிட்டது. காரணம் எளிது. கார்டோ பிராண்டு மெஷ்ஷும் சேனா பிராண்டு மெஷ்ஷும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது. பிராண்டு மாறினால் ‘யுனிவர்சல் இன்டர்காம்’ என்ற பொது ப்ளூடூத் இணைப்பு வழியாகத்தான் பெரும்பாலும் இணைக்க வேண்டும். அதில் ஒரு செட் இன்னொன்றிடம் தன்னை போன் என்று காட்டிக்கொள்ளும். அதனால் பேசுகிற நேரம் முழுக்க உங்கள் செட் போன் காலில் இருப்பதாகவே நினைக்கும். ஸ்டீரியோ பாட்டுக்கு வழியில்லை. செட்டில் ஒரு போனை இணைப்பதற்கான இடமும் போச்சு; அலுவலக போன் அறுந்தது அதனால்தான். பாட்டைப் பகிர்வதற்குப் பெரும்பாலும் இரண்டுமே ஒரே கம்பெனி செட்டாக இருக்க வேண்டும். இதை விற்கிறவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்லாதீர்கள்.

இதுகூடப் பரவாயில்லை. மாட்டிய லட்சணம்தான் வயிற்றெரிச்சல். மனைவியுடையது முகவாய்ப் பகுதி இல்லாத ஹெல்மெட். அதற்கு வாய்க்கு முன்னால் நீளும் தண்டு மைக் வேண்டும். இவர்கள் முகம் முழுக்க மூடும் ஃபுல்ஃபேஸ் ஹெல்மெட்டுக்கான ஒயர் மைக்கைக் கன்னப் பஞ்சுக்குள் செருகியிருக்கிறார்கள். வேகம் ஏறினால் காற்றுச் சத்தம் மட்டும்தான். வீட்டில் உள்துணியைக் கழற்றினேன். ஸ்பீக்கர் உட்காரவேண்டும் என்பதற்காக உள்ளே இருக்கும் வெள்ளை நுரையையே கத்தியால் தோண்டியிருந்தார்கள், இடது பக்கம் விரல் போகிற ஆழத்துக்கு. விழுந்தால் அடியை வாங்கிக்கொள்ளும் பகுதி அது. இனி வெளியே பாதுகாப்புச் சோதனையில் தேறியதைக் காட்டும் பிஎஸ்பி ஸ்டிக்கர் இருந்து என்ன பயன்? இந்த வேலைக்குத் தனிக் கூலி வேறு!

திரும்பப் போனால், "பெட்டி பிரிச்சாச்சு, நோ ரீஃபண்ட்." ரசீதில் அப்படி அச்சடித்துவிட்டால் சட்டம் மாறிவிடாது. 2012 செப்டம்பரிலிருந்து இங்கே ‘லெமன் லா’ என்ற, குறையுள்ள பொருளுக்குக் கடையைப் பொறுப்பாக்கும் சட்டம் இருக்கிறது. சொன்னபடி இல்லாத பொருளுக்கும் அது பொருந்தும். 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும். இல்லை என்று கடைதான் நிரூபிக்க வேண்டும். பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்தேன். கடை பாதி விலைக்கு வவுச்சர் தருவதாகச் சொன்னது. ஹெல்மெட் பற்றி மூச்சுவிடவில்லை. அடுத்து சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளைம்ஸ் நடுவர் மன்றம்தான். 20,000 வெள்ளிவரை அங்கே கேட்கலாம், வக்கீல் தேவையில்லை.

வாங்குகிறவர்கள் கடையிலேயே பாட்டையும் மேப்பையும் ஓடவிட்டு, பிறகு இன்டர்காமைத் திறந்து பாருங்கள். கடைக்காரர் கொடுக்கும் வாக்கை ரசீதில் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே மாட்டியவர்கள் இன்றே உள்துணியைக் கழற்றிப் பாருங்கள். நுரை வெட்டுப்பட்டிருந்தால், ஸ்பீக்கரைப் பிடுங்குமுன் படம் எடுத்துவிடுங்கள்.