மேடையில் யாரைக் கேலி செய்வது: பிறரையா, நம்மையா?

அலுவலகப் பிரிவுபசார விழாவிலோ தியாகராய நகர் மண்டபமொன்றின் திருமண வரவேற்பிலோ இரண்டு நிமிடம் பேச ஒப்புக்கொண்டவர்கள், விழா நாயகரைக் கேலி செய்வதா, தம்மையே கேலி செய்துகொள்வதா என்று தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்லும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எள்ளலையே முதலில் வைக்கிறது. ஆகவே இந்தத் தடுமாற்றம் புதிதன்று.

எளிமை
பிறர்: உடனே சிரிப்பு வரும்.
நாம்: முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

விலை
பிறர்: விலையைக் கொடுப்பவர் வேறொருவர். அவரும் உடன் சிரித்தார் என்பது சம்மதமாகாது. 300 பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் முகம் சுளிக்க யாருக்குத் துணிவு வரும்? நிறம், பருமன், திக்குவாய் ஆகியவற்றைத் தொட்டால் (வடசென்னைப் பேச்சைப் பேசிக்காட்டுவதையும் சேர்த்தே சொல்கிறேன்) விலை பன்மடங்காகிறது.
நாம்: விலை நம்முடையது, அளவு மீறினால் மட்டும் அவை நெளியும்.

ஆயுள்
பிறர்: சூட்டிய பட்டப்பெயர் வாட்ஸ்அப் காணொளியாகச் சுற்றிச் சுற்றி வரும்.
நாம்: மறுநாளே மறந்துவிடுவார்கள்.

அந்நியர் நிறைந்த அவையிலும், நமக்குக் கீழே பணிபுரிபவர் முன்னிலையிலும் தன்னைக் கேலி செய்துகொள்வதே பொருந்தும். பதிலுக்கு மேடையேறி நம்மை வாரிவிடக்கூடிய நெடுநாள் நண்பர் என்றால் மற்றதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் முந்தைய நாளே அவரிடம் அதை ஒருமுறை சொல்லிக்காட்டிவிட வேண்டும்.