பதின்மூன்று வாரக் கதையும் ஆயிரம் நாள் கதையும்

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் இருந்தது ஒண்டுக் குடித்தனம். ஒன்பது குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டிதான் உண்டு. அது வீட்டுக்காரம்மாவின் கூடத்தில், மரக் கதவு வைத்த கறுப்பு வெள்ளை சாலிடேராக இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ‘ஒளியும் ஒலியும்’ தொடங்குவதற்கு முன்பே பிள்ளைகள் தரையிலும் பெண்கள் சுவரோரத்திலும் இடம் பிடித்துவிடுவோம். வேலையிலிருந்து திரும்பிய ஆண்கள் வாசலில் நின்றே பார்ப்பார்கள். அதே தெருவில் இன்று வீட்டுக்கு ஒரு பெட்டியும் ஆளுக்கு ஒரு கைப்பேசியும் இருக்கின்றன. பழையதா புதியதா என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழும்போதெல்லாம், “அந்தக் காலம் மாதிரி வருமா” என்ற பெருமூச்சோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பெருமூச்சை நிகழ்ச்சிகளின் மேல் வைத்து உரசிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. மாலையில் சில மணி நேரம் மட்டுமே தமிழ். 1982இல் தேசிய ஒளிபரப்பு வந்த பிறகு, இரவு ஏற ஏற டெல்லியிலிருந்து வரும் இந்தியும் ஆங்கிலமும்தான். மாற்றிப் பார்க்க வேறு அலைவரிசை கிடையாது. அதனால் நெல் வயல் ஒன்றுகூட இல்லாத வண்ணாரப்பேட்டையில் நாங்கள் ‘வயலும் வாழ்வும்’ பார்த்தோம். இதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் நிலத்தை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்த என் அப்பா, குருத்துப்பூச்சிக்கு என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று அதிகாரி ஒருவர் விளக்குவதை, நாளைக்கே வரப்பில் இறங்கப் போகிறவரைப் போலக் கவனமாகக் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நினைவு எனக்கு அருமையானது. ஆயினும் அதை நிகழ்ச்சியின் தரத்துக்குச் சான்றாக வைப்பது நேர்மையாகாது. வேறு வழியில்லாததால் பார்த்தோம். அதில் அப்பாவுக்குச் சொந்தமான ஏதோ ஒன்று இருந்தது.

பழையது சந்தேகத்துக்கு இடமின்றி மேலாக நின்றது செய்தி வாசிப்பில். ஷோபனா ரவியும் வரதராஜனும் வாசித்த தமிழில் ஒவ்வொரு ழகரமும் ளகரமும் தன் இடத்தில் நின்றது. எங்கள் வளாகத்தில் எழுத்துக் கூட்டியே படிக்கத் தெரிந்த பெண்கள்கூட அந்தச் செய்தியைத் தடையின்றிப் புரிந்துகொண்டார்கள். இன்று நாள் முழுதும் செய்தி ஓடுகிறது. இரவானால் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். அரசு சொன்னதை மட்டுமே சொன்ன அன்றைய செய்தியைவிட இன்று செய்தியின் பரப்பு பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. காதுக்கும் மொழிக்கும் நேர்ந்த இழப்பைத்தான் சொல்கிறேன்.

இந்த ஒப்பீட்டின் நடுப்பகுதி கதைத் தொடர்கள்தான். தூர்தர்ஷனில் ஒரு தொடருக்கு வழக்கமாக 13 வாரங்கள் கிடைக்கும். நன்றாகப் போனால் நீட்டிப்பு கேட்கலாம். இது நிர்வாக வசதிக்காக வகுத்த கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு எழுதுபவரின் கையில் ஓர் அளவுகோலைக் கொடுத்தது. கதை எங்கே முடியும் என்று முதல் வாரத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. பார்க்கிறவர்களுக்கோ இடையில் ஆறு நாட்கள் இருந்தன. அந்த ஆறு நாட்களில் குழாயடியில் குடம் வைத்துக் காத்திருக்கும்போது கதை மறுபடி ஓடும். யார் செய்தது சரி, அடுத்து என்ன ஆகும் என்று ஒன்பது வீடுகளும் கட்சி பிரிந்து பேசும். பாதிக் கதையை நாங்களே எழுதினோம் என்று சொன்னாலும் தவறில்லை.

1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கிய பிறகும் சில ஆண்டுகள் இந்த வார முறை உயிரோடு இருந்தது. அதன் உச்சமாக நான் நினைப்பது ‘மர்மதேசம்’ வரிசையில் வந்த ‘விடாது கருப்பு’. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த அந்தத் தொடரில், தவறு செய்தவர்களைத் தண்டிப்பது காவல் தெய்வமா மனிதரா என்ற ஒரே கேள்வி வாரக்கணக்கில் எங்களைக் கட்டிப்போட்டது. அதற்குப் பக்கத்தில் இன்றைய படைப்பாக எதை வைப்பது? மாலைத் தொடர் எதையும் வைக்க முடியாது. 2022இல் அமேசான் பிரைமில் வந்த, புஷ்கரும் காயத்ரியும் உருவாக்கிய ‘சுழல்’ தொடரை வைக்கலாம். அங்கும் தெய்வம் இருக்கிறது. மயானக் கொள்ளைத் திருவிழா கதையின் முதுகெலும்பாக ஓடுகிறது. ஒரு பெண் காணாமல் போகிறாள். முதல் பருவத்தின் எட்டு அத்தியாயங்களில் அந்தக் கதை முடிகிறது.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவன் என்ற முறையில் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அச்சத்தை எழுப்புவதில் ‘விடாது கருப்பு’ மேல். கையில் இருந்த சிறு கருவிகளைக் கொண்டு, இருட்டையும் குதிரைக் குளம்பொலியையும் வைத்தே எங்களை இரவில் வெளியே போக முடியாமல் செய்தது. மனிதர்களைப் புரிந்துகொள்வதில் ‘சுழல்’ மேல். குற்றம் எங்கோ வெளியிலிருந்து வருவதில்லை, வீட்டுக்குள்ளேயே, நம்பியவர்களிடமிருந்தே வருகிறது என்பதை அது பிள்ளைகளின் பக்கம் நின்று சொல்கிறது. அந்தத் துணிவு அன்றைய தொலைக்காட்சிக்கு இருந்ததில்லை. ஆகவே, பழைய அளவான கதை செத்துவிட்டது என்பவர்களோடு நான் உடன்படவில்லை. அது வீடு மாறியிருக்கிறது.

செத்தது வேறொன்று. 1999 டிசம்பரில் ராதிகாவின் ‘சித்தி’ தொடங்கியபோது, நாள்தோறும் கதை என்ற பழக்கம் வீடுகளில் வேரூன்றியது. தயாரிப்பாளர் அலைவரிசைக்குக் கட்டணம் செலுத்தி நேரத்தை வாங்கி, அந்த நேரத்துக்குள் வரும் விளம்பரங்களை விற்றுப் பணம் எடுக்கும் முறையில், ஓடிக்கொண்டிருக்கும் தொடரை முடிப்பது என்பது வருமானத்தைத் தானே நிறுத்துவதற்குச் சமம். புதிய தொடர் என்றால் பார்வையாளரை மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும். எனவே கதை முடிந்த பிறகும் தொடர் முடிவதில்லை. எழுதுபவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. முடிவு எழுதும் உரிமையே அவர் கையில் இல்லை.

இதைக் காட்ட மிகப் பொருத்தமான இணை, திருச்செல்வம் இயக்கிய இரண்டு தொடர்கள். 2003 முதல் 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’ 1,500 அத்தியாயங்களைத் தாண்டியது. தேவயானி நடித்த அபி, குடும்பத்தையும் தொழிலையும் ஒருசேரச் சுமந்து, எதிரிகளைப் பொறுமையால் வெல்ல முயன்ற பெண். 2022இல் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரில் படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுக்களையில் அடைத்து வைக்கும் வீடு வருகிறது. அந்தப் பெண்கள் ஒவ்வொருவராக வாய் திறக்கிறார்கள். அபியின் பெருமை அவள் எவ்வளவு தாங்கினாள் என்பதில் இருந்தது. இந்தப் பெண்களின் பெருமை இனித் தாங்கமாட்டோம் என்பதில் இருக்கிறது. இருபது ஆண்டுகளில் ஒரே இயக்குநரிடம் நேர்ந்த இந்த மாற்றத்தை, இன்றைய தொடர்களை ஒட்டுமொத்தமாக ஒதுக்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்துவும், ஆணாதிக்கத்தை எங்கள் தெருவிலேயே நடமாடும் ஒரு மனிதராக நிறுத்திக் காட்டினார். ஆனால் அவர் 2023 செப்டம்பரில் மறைந்த பிறகு தொடர் தடுமாறியது. 2024இல் முடிந்து, அதே ஆண்டின் இறுதியிலேயே தொடர்ச்சியாக மீண்டும் வந்துவிட்டது. சொல்ல வந்ததை நூறு அத்தியாயத்தில் சொல்லி நிறுத்தியிருந்தால், தமிழ்த் தொலைக்காட்சியின் சிறந்த படைப்புகளில் ஒன்றாக அதை நான் எழுதியிருப்பேன்.

2020 ஊரடங்கில் ‘மெட்டி ஒலி’ மறுஒளிபரப்பானபோது அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரத்தின் கவலைகளில் இன்றும் உயிர் இருந்தது. அந்த வீடுகள் நாங்கள் வாழ்ந்த வீடுகளைப் போலவே இருந்தன, யாரும் பட்டுப் புடவையோடு தூங்கி எழவில்லை. ஆனால் மாமியாரிடம் அடிபட்டுத் திரும்பும் மகளை மறுபடி அங்கேயே அனுப்பும் காட்சிகளில் என்னால் உட்கார முடியவில்லை. அன்று அம்மா அழுத அதே இடத்தில் இப்போது அவருக்குக் கோபம் வந்தது.

மொழி பற்றியும் ஒரு சொல். தூர்தர்ஷன் காலத்துத் தமிழ் நாடகங்களில் பெரும்பாலும் சபா மேடையின் பேச்சுதான் கேட்கும். பிறகு ‘ஜூனூன்’ போன்ற இந்தித் தொடர்களின் மொழிமாற்றம் வந்து, வினைச்சொல்லை முன்னே தள்ளி எழுவாயைப் பின்னே இழுக்கும் ‘ஜூனூன் தமிழ்’ என்ற பெயரையே நமக்குத் தந்துவிட்டுப் போனது. எங்கள் பேச்சு இந்த இரண்டிலும் இல்லை. இருந்தால் திருடனோ ரிக்‌ஷாக்காரரோ பேசுவார். கூடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், நாங்களும் சிரித்தோம் என்பதுதான் இப்போது நெஞ்சில் தைக்கிறது. 2021இல் வடசென்னையின் கானா பாடகி இசைவாணி பிக் பாஸ் வீட்டுக்குள் நுழைந்தபோது, அந்த நிகழ்ச்சியின் மேல் எனக்குப் பெரிய மதிப்பில்லாத போதிலும், எங்கள் தெருப் பெண்களோடு சேர்ந்து பார்த்தேன். எங்கள் பேச்சு தன் பெயரோடும் தன் பாட்டோடும் திரையில் நின்றது. பழைய தொலைக்காட்சி அதைச் செய்ததே இல்லை.

பழைய தொலைக்காட்சியின் கூட்டுப் பார்வையை அழித்தது புதிய நிகழ்ச்சிகள் என்றும் நான் நம்பவில்லை. 2006க்குப் பின் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வீடுதோறும் வந்தபோதே வீட்டுக்காரம்மாவின் கூடம் காலியாகிவிட்டது. அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று பார்க்க வேண்டிய நிலை நீங்கியது நல்லதுதான். கதவைச் சாத்திவிடுவார்களோ என்ற பயத்தோடு தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் நானும் ஒருவன்.

சென்ற ஆண்டு ‘சுழல்’ தொடரை அம்மாவுக்காக மறுபடி போட்டேன். கைப்பேசியில் இல்லாமல் கூடத்துப் பெட்டியில், ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் அத்தியாயம் என்று கணக்கு வைத்தேன். முதல் வாரம் முடிந்ததும், “இன்னாடா, அதுக்குள்ள நிறுத்திட்ட? அடுத்ததப் போடு” என்றார். “அடுத்த ஞாயித்துக்கிழம தாம்மா” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். புதன்கிழமை நான் வேலை முடிந்து வரும்போது, மாடிப்படியில் எதிர்வீட்டு அக்காவோடு உட்கார்ந்து, அந்தப் பெண்ணை யார் கொண்டுபோயிருப்பார்கள் என்று விரல் விட்டு ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாம் வாரத்திலிருந்து அந்த அக்காவும் எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டார்.