ஒளிஞ்சு பாடுன பூசை: டாலிஸ் ஸ்காலர்ஸ் பாடின பேர்ட் மாஸ் ஆல்பம்

மாஸ்னு பாத்ததும் ஹீரோ என்ட்ரின்னு நெனச்சுராதீங்க, இது சர்ச் பூசைக்குப் பாடுற மாஸ். நானூறு வருஷத்துக்கு முந்துன இங்கிலாந்து இசையமைப்பாளர் வில்லியம் பேர்ட் எழுதுனது மொத்தம் மூணு, அஞ்சு குரலுக்கு ஒண்ணு, நாலு குரலுக்கு ஒண்ணு, மூணு குரலுக்கு ஒண்ணு. டாலிஸ் ஸ்காலர்ஸ் குரூப் ஆக்ஸ்போர்ட் மெர்டன் காலேஜ் சாப்பல்ல, அதாவது காலேஜோட சர்ச்ல, பாடி 1984ல வந்த ரெக்கார்டிங். வாத்தியமே கெடையாது, வெறும் குரல்தான். ஒரு மாசமா நைட்டு எனக்கு இதான் ஓடுது.

கேக்குறதுக்கு முன்னாடி கத கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா "சாந்தமா இருக்கே"ன்னு தூங்கிருவீங்க (மொத வாட்டி நான் தூங்குனேன்). இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி ரோம்ல இருக்குற போப்போட முறுக்கிக்கிட்டு மடத்தையெல்லாம் மூடுனப்ப 1540ல வால்தம் அபேங்கிற மடத்துல இருந்த இசையமைப்பாளர் தாமஸ் டாலிஸுக்கே வேல போச்சு, அப்பறம் ஹென்றி பையன் எட்வர்ட் காலத்துல 1549ல லத்தீன தூக்கிட்டு இங்கிலீஷ் பிரேயர் புக், பாட்டும் ஜனங்களுக்குப் புரியணும், ஒரு அசைக்கு ஒரு ஸ்வரம் போதும், இழுக்காதீங்கன்னுட்டாங்க. அதுக்கு முந்துன ஈட்டன் கொயர்புக்னு ஒரு பழைய சர்ச் பாட்டுத் தொகுப்புல இருக்குற பாட்டெல்லாம் ஒரே அசைய வச்சுக்கிட்டு ஆலாபனை மாதிரி போய்க்கிட்டே இருக்கும். நடுவுல மேரி ராணியா வந்து லத்தீன திரும்பக் கொண்டுவந்தாங்க, அடுத்த ராணி எலிசபெத் வந்து 1559ல மறுபடி கத்தோலிக்கப் பூசைக்கே தடை.

பேர்ட் நெலமதான் விசித்திரம். சாப்பல் ராயல்னு ராணியோட சொந்த சர்ச் பாட்டுக்குழுவுல உத்தியோகம், 1575ல டாலிஸுக்கும் இவருக்கும் மியூசிக் அச்சடிக்க 21 வருஷ உரிமைய ராணியே குடுத்தாங்க, ஆனா ஆளு கத்தோலிக்கர். இந்த மூணு மாஸும் 1592லேர்ந்து 1595க்குள்ள ஒண்ணொண்ணா அச்சாச்சு, டைட்டில் பேஜ் இல்ல, அச்சடிச்சவர் பேர் இல்ல, வருஷம் இல்ல. அச்சுக் கட்ட தேஞ்சிருக்குறத வச்சுத்தான் பிற்பாடு வருஷத்தையே கண்டுபிடிச்சாங்க. பாடுனதும் எசெக்ஸ் பக்கம் பீட்டர் குடும்பம் மாதிரி கத்தோலிக்கப் பணக்காரங்க வீட்டுல, கதவ சாத்திக்கிட்டு. ஆனா பக்கத்து மேல மட்டும் டபிள்யூ பேர்ட்னு போட்ருக்கு, என்னா நெஞ்சழுத்தம்யா!

எனக்கு உயிரு நாலு குரல் மாஸோட ஆக்னஸ் டேய், அதான் பூசையில "செம்மறியே"ன்னு வர்ற எடம். மொதல்ல ரெண்டு குரல், அப்பறம் மூணு, கடைசில நாலும். சமாதானம் குடுன்னு கேக்குற "டோனா நோபிஸ் பாச்செம்" வரும்போது ஒரு குரல் எறங்க மாட்டேன்னு நிக்கும், இன்னொன்னு வந்து உரசும், அது எறங்குறதுக்குள்ள அடுத்தது உரசும், இப்படியே போய்க் கடைசிலதான் அடங்குது. சமாதானம் கேக்குற எடத்துல போயி இவ்வளவு உரசல வச்சிருக்காரு பாருங்க.

கொறைன்னா ஒண்ணுதான், சாப்பலோட எதிரொலி. ரூமுக்குள்ள நாலஞ்சு பேரு பயந்துகிட்டுப் பாடுன பாட்டு இதுல கோபுரம் மாதிரி எழும்பி நிக்குது, அழகுதான், ஆனா அந்த பயம் காணாமப் போயிருது. மூணு குரல் மாஸ்ல மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கு, அதோட கிரியே, அதான் "ஆண்டவரே இரக்கமாயிரும்"னு வர்ற எடம், ஒரு நிமிஷம்கூட வராது, அவசரமா கும்புட்டுட்டு கெளம்புற மாதிரி.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஹெட்ஃபோன் வேணாம், ஸ்பீக்கர்ல போட்டு சவுண்ட நல்லா கொறச்சுட்டு பக்கத்து ரூம்ல போய் ஒக்காந்து கேளுங்க, நான் இப்ப அப்படித்தான் கேக்குறேன்.